பஞ்சுகொட்டியின் வில்லும் பாறையேறியின் மெத்தையும்

பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை வழியே திருமுடிவாக்கம் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் இரண்டு காட்சிகளைத் தவறாமல் காண்பர். ஒன்று, கருநீலம் கலந்த சாம்பல் நிறத்தில் எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகள். மற்றொன்று, திருமுடிவாக்கத்துச் சிட்கோ தொழிற்பேட்டையும் அதனைச் சூழ்ந்து வளர்ந்த சிறு பட்டறைகளும். இக்கட்டுரையின் பொருள் இவ்விரண்டையும் தொட்டுச் செல்வது. பாறையில் ஏறுவோர் விழும்போது தாங்கும் மெத்தை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘கிராஷ் பேட்’ என்பார்கள்; நாம் இங்கு ‘விழுமெத்தை’ என்றே அழைப்போம். அது தேய்ந்தபின் என்ன செய்வது, அதைப் பிரித்து மீண்டும் நிரப்புவது எப்படி என்னும் கேள்வி, பார்வைக்குச் சிறியது. ஆனால் அதைப் பின்தொடர்ந்து சென்றால், மெத்தைக்குப் பஞ்சு அடைக்கும் நம் நாட்டுத் தொழிலின் நெடிய வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகிறோம்.

முதலில் பாறையைப் பற்றி ஒரு சொல். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பகுதிகளின் பாறைக்குச் ‘சார்னோகைட்’ என்று பெயர். கல்கத்தா நகரோடு பெயர் இணைத்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைப் பகுதியிலிருந்து சென்ற இப்பாறையே என்பதைக் கண்டு, புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட் 1893ஆம் ஆண்டு இப்பெயரைச் சூட்டினார். இரும்பை ஒத்த கடினமுடையது இக்கல். இதன்மேல் பத்தடி உயரத்திலிருந்து விழுபவரின் கணுக்கால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இலக்கியம் காட்டும் மெத்தை

மெத்தை என்பது உறையும் உள்ளீடும் சேர்ந்த பொருள். இவ்விரண்டில் நம் முன்னோர் எதைப் பெரிதாக எண்ணினர்? ஐயமின்றி உள்ளீட்டையே. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் படுக்கை வருணிக்கப்படும்போது, கட்டிலின் தந்த வேலைப்பாடு ஒருபுறமிருக்க, மெத்தைக்குள் இருப்பது அன்னத்தின் தூவி என்பதையும் புலவர் எடுத்துச் சொல்கிறார். திருப்பாவையில் வரும் ‘பஞ்ச சயனம்’ என்ற தொடருக்கு உரை வகுத்தோர் இருவகையாகப் பொருள் கூறினர். அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை என்னும் ஐந்து குணங்கள் உடையது என்பார் ஒருசாரார். ஐவகைப் பொருள்களால் நிரப்பப்பட்டது என்பார் மற்றொருசாரார். அப்பட்டியல் உரைக்கு உரை சிறிது மாறும். அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என்பது அவற்றுள் ஒன்று. படுக்கையை அதன் உள்ளீட்டால் வகைப்படுத்தும் வழக்கம் இங்கு இருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. பஞ்சை வில்லால் அடித்துப் பிரிக்கும் தொழில் சங்கப் புலவர்களுக்கு நன்கு பழகிய காட்சி. அகநானூற்றில் தவழும் வெண்மேகத்துக்கும், நற்றிணையில் காற்று மோதிச் சிதறும் கடலலையின் பிசிருக்கும் வில்லடித்த பஞ்சே உவமையாகிறது. உவமை என்பது கேட்பவருக்குத் தெரிந்த பொருளாக இருந்தால்தான் பயன்படும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் மேகத்தைப் பார்த்தவருக்குப் பஞ்சுகொட்டியின் வில் நினைவுக்கு வந்தது என்றால், அத்தொழில் தெருவெங்கும் நடந்த தொழிலாகவே இருந்திருக்க வேண்டும்.

வில் செய்த வேலை

அந்த வில் என்ன செய்தது என்பதை இன்றைய இளைஞர்க்குச் சொல்ல வேண்டியுள்ளது. ஆள் உயரத்துக்குக் குறையாத மரத்தண்டு. அதன் இருமுனைகளையும் இணைத்து இழுத்துக் கட்டிய நரம்பு. நரம்பைத் தட்டுவதற்கு இருபுறமும் பருத்த மரக்கட்டை ஒன்று. தொழிலாளி நரம்பைப் பஞ்சுக் குவியலுக்குள் படியவிட்டுக் கட்டையால் தட்டுவார். நரம்பு அதிரும். அந்த அதிர்வு, கட்டிபட்ட பஞ்சை இழை இழையாகப் பிரித்து மேலே எறியும். தூசியும் விதைத் துணுக்கும் கீழே உதிரும். ‘டொய்ங், டொய்ங்’ என்ற அந்த ஒலியே வீட்டுப் பெண்களுக்கு அழைப்பு மணி.

பஞ்சு ஏன் கட்டிபடுகிறது? பருத்தி இழை முறுக்குடையது. ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆளின் எடையும் வியர்வையும் சேர்ந்து இழைகளை ஒன்றோடொன்று நெருக்கி அழுத்துகின்றன. இழைகளுக்கு இடையிலிருந்த காற்று வெளியேறிவிடுகிறது. மெத்தையின் மென்மை என்பது பஞ்சின் மென்மை மட்டுமன்று. பஞ்சு பிடித்துவைத்திருக்கும் காற்றின் மென்மையும் ஆகும். வெயிலில் உலர்த்துவது ஈரத்தைப் போக்கும். வில்லால் அடிப்பது காற்றைத் திரும்பக் கொடுக்கும். தூசியாய்ப் போன எடைக்கு ஈடாகச் சிறிது புதுப்பஞ்சு சேர்த்து, உறையைத் துவைத்து, மீண்டும் அடைத்து, கோணி ஊசியால் இடையிடையே தையலிட்டு முடிந்தால் மெத்தை புதுப்பிறவி எடுக்கும். ஒரே பஞ்சு தாய் வீட்டுச் சீராக வந்து பேரப்பிள்ளையின் தலையணை வரை உழைத்த குடும்பங்கள் உண்டு.

இத்தொழிலைச் செய்தவர் யார்? தெலுங்கு நாட்டில் தூதேகுலர் என்றும், கன்னட நாட்டில் பிஞ்சாரர், நதாப் என்றும், வடநாட்டில் துனியா என்றும், தமிழில் பஞ்சுகொட்டி என்றும் வழங்கப்பட்டனர். இவர்களிற் பெரும்பாலோர் இசுலாமியர். ‘தூதி’ என்றால் தெலுங்கில் பஞ்சு. ‘ஏகு’ என்றால் அதனைக் கொட்டிப் பிரித்தல். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலில் தூதேகுலர்க்குத் தனிக் குறிப்பு உண்டு. கி.பி. 922இல் பாக்தாதில் கொல்லப்பட்ட சூபி ஞானி மன்சூர் அல் ஹல்லாஜின் பெயரில் உள்ள ‘ஹல்லாஜ்’ என்பதற்கும் பஞ்சு கொட்டுபவர் என்றே பொருள். பதினாறாம் நூற்றாண்டின் வடநாட்டு ஞானி தாதூ தயாளரையும் மரபு இத்தொழிலோடு இணைத்தே பேசுகிறது. ஞானிகளைத் தந்த தொழில், தொழிலாளிக்குத் தந்தது மூச்சிரைப்பை. பஞ்சுத் தூசியால் நுரையீரல் நலியும் நோயை மருத்துவ நூல்கள் ‘பிசினோசிஸ்’ என்கின்றன. நாம் இழந்த பழமையை எண்ணி ஏங்கும்போது, மூக்கில் ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு தூசி மேகத்துக்குள் அமர்ந்திருந்த மனிதரையும் எண்ண வேண்டும்.

இலவம் கண்ட உலகப்போர்

பருத்திக்கு அடுத்து இலவம். ‘இலவு காத்த கிளி’ என்ற பழமொழியில் ஏமாற்றத்தின் சின்னமாக நிற்கும் இம்மரத்தின் காய், கிளிக்குப் பயன்படாவிடினும் மனிதருக்குப் பெரிதும் பயன்பட்டது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இன்றும் இலவம்பஞ்சுக்குப் பெயர்பெற்ற ஊர். இலவ இழை வழுவழுப்பானது, ஆகவே நூலாக நூற்க ஏற்றதன்று. ஆனால் உள்ளே குழலாய் வெறுமையாக இருப்பதாலும், மேலே மெழுகுப் பூச்சு உடையதாலும், நீர் புகாது. எடை மிகக் குறைவு.

இக்குணத்தால் இரு உலகப்போர்களின் காலத்திலும் கப்பல் மாலுமிகளின் மிதவை அங்கிகளில் இலவம்பஞ்சு அடைக்கப்பட்டது. உலகச் சந்தைக்கு அதனைப் பெருமளவில் அனுப்பிய சாவகத் தீவு 1942இல் சப்பானியர் வசமானதும் அமெரிக்காவுக்கு வரத்து நின்றது. அந்நாட்டுப் பள்ளிச் சிறார் வயல்வெளிகளில் அலைந்து, நம் எருக்குக்கு உறவான ஒரு செடியின் காய்களைச் சேகரித்துக் கொடுத்தனர். அதன் பஞ்சு இலவத்துக்கு மாற்றாயிற்று. மெத்தையின் உள்ளீடு உயிர் காக்கும் பொருளாக மாறியதற்கு இது ஒரு பெரிய சான்று. அங்கிக்குள் இருப்பது நல்ல பஞ்சா, நைந்த பஞ்சா என்பது கடலில் விழுந்தவனுக்குச் சாவா வாழ்வா என்ற கேள்வி.

விழும் களங்கள்

படுப்பதற்கு மெத்தை என்பது ஒரு மரபு. விழுவதற்கு மெத்தை என்பது மற்றொன்று. மற்போர்க் களமாகிய கோதாவின் மண்ணை நாள்தோறும் கொத்திக் கிளறிப் பதப்படுத்துவர். அதில் எண்ணெயும் மஞ்சளும் மோரும் சேர்ப்பதுண்டு. மிதிபட்டு இறுகிய மண்ணைக் கிளறாமல் விட்டால் எலும்பு முறியும் என்பது பயில்வானுக்குத் தெரியும். ஏறுதழுவும் களங்களில் இன்று வாடிவாசலுக்கு முன்னே தென்னைநார்க் கழிவைப் பரப்புகின்றனர். பஞ்சு கொட்டுவதும் கோதா மண்ணைக் கிளறுவதும் அடிப்படையில் ஒரே செயல். இறுகியதை இளக்கி, இழந்த காற்றைத் திரும்பக் கொடுப்பது.

இருபதாம் நூற்றாண்டில் நுரை வந்தது. 1929இல் டன்லப் நிறுவனத்தார் ரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தையாக்கும் முறையைக் கண்டனர். நம் வீடுகளில் பல காலம் ‘டன்லப் மெத்தை’ என்பதே நுரை மெத்தைக்குப் பொதுப்பெயராக வழங்கியது இதனால்தான். 1937இல் செருமானிய வேதியியலாளர் ஓட்டோ பேயர் பாலியுரித்தேனை உருவாக்கினார். 1950களில் அதன் நெகிழ் நுரை தொழிற்சாலைகளில் பெருகியது. நம் கடைகளில் ‘போம்’, ‘ஸ்பாஞ்ச்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுவே.

நுரை விளையாட்டையே மாற்றியது. முன்பு உயரம் தாண்டுவோர் மணலிலோ மரத்தூளிலோ காலூன்றி இறங்க வேண்டியிருந்தது. 1960களில் நுரை மெத்தைகள் பரவிய பிறகுதான் முதுகு தரையில் படும்படி விழுவது இயலக்கூடியதாயிற்று. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் பாஸ்பரி முதுகைத் திருப்பிக் குறுக்குக்கோலைத் தாண்டி 2.24 மீட்டரில் தங்கம் வென்றார். பாராட்டில் ஒரு பங்கு அந்த மெத்தைக்கும் உரியது.

ஆயினும் நுரையோடு ஒரு மனமாற்றமும் வந்தது. பஞ்சு மெத்தையைப் பிரித்து அடைக்கலாம். நுரைக் கட்டியை அடித்து எழுப்ப எந்த வில்லாலும் இயலாது. அதன் கண்ணறைகளின் சுவர்கள் ஒருமுறை ஒடிந்தால் ஒடிந்தவையே. எனவே தேய்ந்ததைத் தூக்கி எறிவது வழக்கமாயிற்று. வில்லும் தெருவிலிருந்து மறைந்தது.

பாறையேறியின் மெத்தை

இப்போது நம் விழுமெத்தைக்கு வருவோம். கயிறு கட்டாமல், உயரம் குறைந்த பாறைகளில், கடினமான சில அசைவுகளை மட்டும் முயன்று பார்க்கும் ஏற்றத்துக்குப் ‘போல்டரிங்’ என்று பெயர். பாரிசுக்கு அருகிலுள்ள பாந்தன்புளோ காட்டின் பாறைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது தொடங்கிவிட்டது. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜான் கில், 1950களில் உடற்பயிற்சிக் கலையின் நுட்பங்களையும் கைக்குப் பூசும் வெண்பொடியையும் இதற்குக் கொண்டுவந்தார். அக்காலத்தில் மெத்தை இல்லை. பழைய கம்பளமோ, வீட்டில் கழித்த படுக்கையோ இருந்தால் உண்டு. 1990களின் தொடக்கத்தில்தான் ஜான் ஷெர்மன் என்ற ஏறுநர் கின்னலோவா நிறுவனத்தாரோடு சேர்ந்து உருவாக்கிய மெத்தை போன்றவை விற்பனைக்கு வந்தன. பாறையேற்றம் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. இந்தியாவில் ஹம்பி, பாதாமி, இராமநகரப் பாறைகள் ஏறுநர்க்கு நன்கு அறிமுகமானவை. ஹம்பியைக் களமாகக் கொண்டு கிறிஸ் ஷர்மா தோன்றிய படம் 2003இல் வெளிவந்தபின் வெளிநாட்டார் வரவு மிகுந்தது. சென்னையிலும் உள்ளரங்கச் செயற்கைச் சுவர்கள் வந்துவிட்டன.

விழுமெத்தையின் உள்ளமைப்பு எளியது, ஆனால் நுட்பமானது. மேலே மெல்லிய, கடினமான, கண்ணறைகள் மூடிய நுரை; கீழே தடித்த, மென்மையான, கண்ணறைகள் திறந்த பாலியுரித்தேன் நுரை. மொத்தக் கனம் பெரும்பாலும் 10 முதல் 12 சென்டிமீட்டர். குதிகால் ஓர் இடத்தில் குத்தும்போது மேலடுக்கு அந்த விசையைப் பரவலாக்குகிறது. கீழடுக்கு அமுங்கிக் காற்றை மெல்ல வெளியேற்றி வேகத்தைத் தணிக்கிறது. இரண்டில் ஒன்று கெட்டாலும் மற்றது பயனற்றது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையை அடையும் வேகம் நொடிக்கு 7.7 மீட்டர்; அதாவது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். மெத்தை 10 சென்டிமீட்டர் அமுங்கி அவரை நிறுத்தினால், முழங்கால் மடங்குவதைக் கணக்கில் கொள்ளாதபோது, சராசரியாக உடல் எடையைப்போல் 30 மடங்கு விசை தாக்கும். தேய்ந்த நுரையில் 5 சென்டிமீட்டரே மிச்சமிருந்தால் அது 60 மடங்காகும். வெளியுறை புதிது போலவே இருக்கும். உள்ளே பாதி உயிர் போயிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

பிரித்து நிரப்புதல்

ஆகவே தூக்கி எறியும் காலத்திலும் இம்மெத்தை பழைய மரபுக்குத் திரும்ப வேண்டியதாகிறது. வலுவான நைலான் உறையும் தோள்வாரும் பல ஆண்டு உழைக்கும். நடுவிலுள்ள மென்னுரையே முதலில் சாகும். அதை மட்டும் மாற்றினால் போதும். செலவும் குறையும், குப்பையும் குறையும்.

இவ்வேலைக்கு அயல்நாட்டுப் பொருள் எதுவும் தேவையில்லை. தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்தில் சோபா தைப்போர், வண்டி இருக்கைக்கு ரெக்சின் போடுவோர், தார்ப்பாய் தைப்போர் ஆகியோரின் கைத்திறனே போதுமானது. முதலில் மெத்தையின் நடுவில் முழங்காலை ஊன்றி அழுத்திப் பார்க்க வேண்டும். தரை தட்டினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. வெல்க்ரோவையோ ஜிப்பையோ திறந்து நுரையை உருவி, எந்த அடுக்கு எந்தப் புறம் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தலைகீழாக அடைத்துவிட்டால் பாதுகாப்பே தலைகீழாகிவிடும். கடையில் நுரை கேட்கும்போது 32, 40 என்று சொல்லும் எண்கள் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அடர்த்தியைக் குறிப்பன. அது நீடித்து உழைப்பதைப் பற்றியது. மென்மை, கடினம் என்பது வேறு அளவு. இரண்டையும் தனித்தனியே கேட்டறிவது நலம். வெட்டுத் துண்டுகளைப் பசையிட்டு அழுத்திய ‘ரீபாண்டட்’ நுரை மலிவானது. ஆனால் கனமும் கடினமும் மிக்கது. கீழடுக்கின் வேலையை அது செய்யாது. புது நுரையை உறையின் அளவைவிட ஒரு நூலளவு பெரிதாகவே வெட்டி, அமுக்கி உள்ளே செலுத்தினால் ஓரங்களில் இடைவெளி விழாது. அந்த இடைவெளியில்தான் கணுக்கால் பிசகும். மேலடுக்குக்கு ஈ.வி.ஏ. ஷீட் நன்கு பொருந்தும். தையலுக்குப் பருத்தி நூல் ஆகாது; தடித்த நைலான் நூலே வேண்டும்.

இங்கே பழைய அறிவு ஒன்று நேர்மாறாவதையும் சொல்ல வேண்டும். பஞ்சு மெத்தைக்கு வெயில் மருந்து. பாலியுரித்தேனுக்கு வெயில் நஞ்சு. வெயில்பட்ட நுரை மஞ்சளித்துப் பொடியாக உதிரும். நனைந்தால் உறையைத் திறந்து நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துக. மொட்டை மாடியில் காயப்போடுவது நம் பாட்டிமார் கற்றுத்தந்த நற்பழக்கமாயினும் இதற்குப் பொருந்தாது.

மற்றுமொரு எச்சரிக்கை. மெத்தை நிரம்பிவிட்டது என்று இப்பகுதியின் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் ஏற முயல வேண்டா. 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிநீர் தந்த சிக்கராயபுரம் குவாரிகளைப் போல, இவற்றில் ஆழமான நீர் தேங்கி நிற்கிறது. வெடி வைத்து உடைத்த பாறை எங்கே பெயரும் என்று கூற இயலாது.

பெயரில்லாத் தொழில்

வில்லடித்தவருக்குப் பஞ்சுகொட்டி என்ற பெயராவது இருந்தது. சங்கப் புலவன் அவர் அடித்த பஞ்சை மேகத்தோடு ஒப்பிட்டான். இன்று நுரையை அளந்து வெட்டி உறைக்குள் அமுக்கித் தைத்துக் கொடுப்பவருக்குத் தமிழில் ஒரு பெயர் இல்லை; ‘சோபா ரிப்பேர்’ என்ற பலகைக்குள் அவர் அடங்கிவிடுகிறார். தாம் வெட்டிய நுரையின்மேல் யார் விழப்போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. அதை அவரிடம் சொல்லுங்கள். ‘இதன்மேல் ஆள் குதிப்பார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால், அவர் ஓரத்தை இன்னொருமுறை அளந்து பார்ப்பார். தையலை இரட்டையாகப் போடுவார். மிதவை அங்கியில் இலவம் அடைத்தவருக்கும் யாரோ அப்படிச் சொல்லியிருக்கக் கூடும்.

நுரை மாற்றிய நாளை உறையின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். மெத்தை இரவல் போகும் பொருள். வாங்கிச் செல்பவர் அத்தேதியைப் பார்த்து, ஏறுமுன் முழங்காலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும். அப்படியே, உங்கள் ஊரில் வில்லடித்த பெரியவர் எவரேனும் இன்னும் இருந்தால், அவ்வில்லின் உறுப்புகளுக்கு அவர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அகராதிகளில் ஏறாத அச்சொற்கள் அவரோடு போய்விடும் முன் அவற்றைச் சேர்ப்பது தமிழ் பயின்ற நம் அனைவரின் கடமை.